கள ஆய்வுப் படம்

தை பிறந்து ஒன்பதாம் நாள் பெய்த மழையில்
சோழவந்தானுக்கு மேற்கே
அறுக்க நின்ற நெல்லெல்லாம் படுத்துக்கொண்டது.
நாலு நாளில் கதிரிலேயே முளைவிட்டது.
நிவாரணம் என்று சொன்னார்கள்.
பட்டியலோடு நான் போனேன்.

நான் என்றால்
வேளாண் விரிவாக்க மையத்தில் தற்காலிகம்.
பன்னிரண்டாயிரம் சம்பளம், பெட்ரோல் என் செலவு.
செயலியில் மூன்று கட்டம்:
சர்வே எண், சேத விழுக்காடு,
வயலில் நிற்கும் விவசாயியின் படம்.
விவசாயி யார் என்பதில்
செயலிக்குச் சந்தேகமே கிடையாது.

ஒரு ஏக்கர் அறுபது செண்டு.
பட்டா, நாகரத்தினம் பேரில்.
பைபாஸ் ரோட்டில் டைல்ஸ் கடை.
மூன்று தரம் போன் போட்டபின் காரில் வந்தார்.
செருப்பைக் கழற்றி டிக்கியில் வைத்தார்,
பேண்டை முழங்கால் வரை சுருட்டினார்.
வெள்ளைக் கால்கள்.

வரப்பில் இருளாயி நின்றாள்.
எட்டு வருஷமாக இதே வயல்.
நாற்றுப் பாவியது, களை பறித்தது,
யூரியாவுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றது,
எலிக்குக் கிட்டி வைத்தது
எல்லாம் அவள்.
போகத்துக்குப் பதினாலு மூட்டை குத்தகை;
வாய்ப்பேச்சு, காகிதம் இல்லை.
அடங்கலில் பயிர் செய்பவர் பெயர் என்றொரு பத்தி உண்டு.
அதிலும் நாகரத்தினம்தான்.
அடங்கல் என்று பேர் வைத்தவன்
தெரிந்தேதான் வைத்திருக்க வேண்டும்.

"எங்க நிக்கட்டும் தம்பி?"
"நடுவுல சார், வெளிச்சம் முகத்துல விழுற மாதிரி."
மூன்றாம் எட்டில் முழங்கால் வரை புதைந்தார்.
இழுக்க இழுக்க இன்னும் இறங்கினார்.
இருளாயி இறங்கி அவர் முழங்கையைப் பிடித்தாள்.
"குதிகாலை ஊன்றாதீக, விரலை ஊன்றுங்க.
எடது காலை மொதல்ல."
தன் நிலத்தில் நிற்க
ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டார்.
முகத்தில் தெறித்த சேற்றைத் துடைக்க
அவள் தோள் துண்டை வாங்கினார்.
துடைத்துவிட்டுத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.
பொருத்தமாகத்தான் இருந்தது.
எடுத்தேன்.

செயலி ஏற்கவில்லை.
படத்தில் இருவர், என்றது.
பெரிதாக்கிப் பார்த்தேன்:
வலது ஓரத்தில், அவர் முழங்கையைப் பற்றியபடி
சேறு அப்பிய ஒரு கை, ரெண்டு ரப்பர் வளையல்.
விரலால் ஓரத்தை உள்ளே தள்ளினேன்.
வளையல் போனது. மணிக்கட்டு போனது.
கடைசியாக விரல்கள்.
நன்றி, பதிவேற்றப்பட்டது.

போகும்போது அவளிடம் இருநூறு ரூபாய் நீட்டினார்,
டீ குடிக்கச் சொல்லி.
கெட்ட மனுஷர் இல்லை.
நானும் கோபப்பட்டு எழுதவில்லை இதை.
செல்லம்பட்டிப் பக்கம்
என் அப்பாவுக்கும் எழுபது செண்டு உண்டு.
ஏர் பார்த்துப் பதினேழு வருஷம்.
சீமைக்கருவேலம் தானாக விளைகிறது,
நாலு மாதத்துக்கு ஒருதரம்
இரண்டாயிரம் தானாக வந்து விழுகிறது.
குறுஞ்செய்தி வந்ததும் அப்பா
சத்தமாக வாசிக்கச் சொல்வார்.
எந்த வண்டியில் போய்
விவசாயிகளைப் படம் எடுக்கிறேனோ
அதன் தவணைக்கு அந்தப் பணமும் சேர்த்தி.

பங்குனியில், பஸ் ஸ்டாண்டு உரக்கடை வாசலில்
இருளாயி வண்டியை மறித்தாள்.
"அவுகளுக்குப் பணம் ஏறிருச்சா சார்?"
பங்கு கேட்கப்போகிறாள் என்று
பதிலைத் தயார் செய்தபடி சொன்னேன்:
"ஏறிருச்சு. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்."
"அப்பச் சரி," என்றாள்.
முகம் தெளிந்தது.
"இனி குத்தகை மூட்டைக்கு ரொம்ப நெருக்க மாட்டாக."

நான் கிளப்பினேன்.
பின்னாலிருந்து கூப்பிட்டாள்:
"அந்தத் துண்டு அவுக கார்லயே போயிருச்சு சார்.
பாத்தா
வாங்கி வைங்க."